பேனர் கடை மெஷினில் டிரான்சிஸ்டர் அச்சடிக்க முடியுமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் பேனரும் டி-சட்டையும் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறார். "பிளாஸ்டிக் தாளில் மையைத் தடவி டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று விரிவுரையாளர் சொன்னார். எங்கள் கடையில் இங்க்ஜெட்டும் இருக்கிறது, சில்க் ஸ்கிரீனும் இருக்கிறது. அப்படியானால் ஏன் யாரும் செய்வதில்லை? பக்கத்தில் கூலிம் ஹைடெக் பார்க்கில்கூட எல்லாம் சிலிக்கனும் கண்ணாடியும்தானே?"

தம்பி, ஒரு டிரான்சிஸ்டர் அச்சடிப்பது கஷ்டமே இல்லை. அதைச் செய்து காட்டி ரொம்ப வருடம் ஆகிறது. ஆயிரம் அச்சடித்து அந்த ஆயிரமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வைப்பதுதான் இன்றுவரை எல்லோரையும் பாடாய்ப்படுத்துகிறது. உங்கள் கடை மெஷினுக்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடம் அதுவல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அச்சடிக்கப்போகும் பொருள் என்ன? மெல்லிய படல டிரான்சிஸ்டரில் நாலு அடுக்கு. அடியில் கேட் என்ற மின்முனை. அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஒரு படலம். அப்புறம் இடைவெளி விட்டு இரண்டு மின்முனைகள், சோர்ஸும் ட்ரெயினும். அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு குறைகடத்திப் படலம். கேட்டில் வோல்ட் கொடுத்தால் இடைவெளியில் மின்னூட்டம் சேர்ந்து வழி திறக்கும், எடுத்தால் மூடும். உங்கள் வீட்டு டிவித் திரைக்குப் பின்னால் இப்படிப்பட்டவைதான் இருக்கின்றன. 4கே திரை என்றால் 3,840 பெருக்கல் 2,160 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று நிறம். நிறத்துக்கு ஒன்று என்று குறைத்து எண்ணினாலும் கிட்டத்தட்ட 2 கோடியே 48 லட்சம் டிரான்சிஸ்டர்கள். அதையெல்லாம் கண்ணாடி மேல், வெற்றிட அறைக்குள், 300 டிகிரி பக்கத்தில் சூடாக்கிச் செய்கிறார்கள். பேனர் துணியோ பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும்) பிளாஸ்டிக்கோ அந்தச் சூட்டைத் தாங்காது. பெட் 80 டிகிரியைத் தாண்டும்போதே இளக ஆரம்பித்துவிடும்.

இங்கேதான் கரிமக் குறைகடத்தி வருகிறது, அதாவது கார்பன் மூலக்கூறுகளால் ஆன, மையாகக் கரைத்துக் குறைந்த சூட்டில் பூசக்கூடிய பொருள். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் காட்டினார்கள். அதற்கு 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் கிடைத்தது. 1986-இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் பாலிதயோஃபீனை வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். அதன் மொபிலிட்டி, அதாவது மின்னூட்டம் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதன் அளவு, சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-விநாடி என்ற அலகில் வெறும் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண டிவித் திரையில் இருக்கும் உருவற்ற சிலிக்கனுக்கு அது அரை முதல் ஒன்று வரை. கணினிச் சில்லுக்குள் இருக்கும் படிகச் சிலிக்கனில் எலெக்ட்ரானுக்குச் சுமார் 1,400. இன்று நல்ல கரிமப் பொருள்கள் ஒன்றைத் தாண்டிவிட்டன, பத்தைத் தொட்டவையும் உண்டு. ஆக, திரைக்குப் பின்னால் வேலை செய்கிற அளவுக்கு வேகம் வந்துவிட்டது. கணினிச் சில்லுக்குப் போட்டியாக யாரும் இதைக் கனவுகாண வேண்டாம்.

இந்தத் துறையில் எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளைஞர் 2000, 2001-இல் கரிமப் பொருள்களை வைத்து அற்புதம் அற்புதமாக முடிவுகள் வெளியிட்டார். 2002-இல் விசாரணைக் குழு பார்த்தபோது 24 குற்றச்சாட்டுகளில் 16 உண்மை என்று தெரிந்தது, தரவையே இட்டுக்கட்டியிருக்கிறார். அது மோசடி. நேர்மையான ஆய்விலும் ஒரு சிக்கல் உண்டு: கட்டுரைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் இருப்பதிலேயே நல்ல டிரான்சிஸ்டரின் எண். தொழிற்சாலைக்கு வேண்டியது இருப்பதிலேயே மோசமானதன் எண். நான் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் எத்தனை டிரான்சிஸ்டர் அளந்தார்கள், எவ்வளவு சிதறல் என்பதைத்தான் முதலில் தேடுவேன். அது இல்லையென்றால் மிச்சத்தைச் சாவகாசமாகப் படிப்பேன்.

சரி, அச்சுக்கு வருவோம். உங்கள் இங்க்ஜெட்டில் ஒரு துளி 10 பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது அதன் விட்டம் சுமார் 27 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பிளாஸ்டிக்கில் விழுந்து பரவினால் 50 மைக்ரானுக்கு மேல் போகும். சில்க் ஸ்கிரீனில் கடைத் தரத்தில் 100 மைக்ரான் கோடு சுத்தமாக வந்தாலே உங்கள் அப்பாவைப் பாராட்ட வேண்டும். இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், டிரான்சிஸ்டரின் வேகம் சோர்ஸ்-ட்ரெயின் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைகிறது. 5 மைக்ரான் இடைவெளியில் ஓடுவதை 100 மைக்ரானுக்கு மாற்றினால் இடைவெளி 20 மடங்கு, வேகம் தோராயமாக 400-இல் ஒரு பங்கு. மொபிலிட்டியை இரண்டு மடங்காக்க வேதியியலார் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். கோட்டைப் பாதியாக மெலிதாக்கினால் நாலு மடங்கு கிடைக்கிறது. அதனால்தான் இது வேதியியலைவிட அச்சுக்கலைப் பிரச்சினை என்று நான் சொல்வேன்.

துளி தடிமனாக இருந்தாலும் இடைவெளியை ஒடுக்க ஒரு தந்திரம் உண்டு. கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸும் கூட்டாளிகளும் 2000-ஆம் ஆண்டிலேயே செய்தார்கள். தண்ணீரை ஒட்டவிடாத பாலிஇமைடு பட்டை ஒன்றை 5 மைக்ரான் அகலத்தில் முதலில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கடத்தும் மையைத் துளித்துளியாக விட்டார்கள். பட்டை மையைத் தள்ளிவிட்டதால் இரண்டு மின்முனையும் சரியாக 5 மைக்ரான் தள்ளி நின்றன. அழகான வேலைதான். ஆனால் அந்தப் பட்டையைப் போட மறுபடி ஒளிவழி அச்சுமுறை, அதாவது சில்லுத் தொழிற்சாலைகளில் ஒளியால் வடிவம் பதிக்கும் முறை, தேவைப்பட்டது. அச்சடித்தால் மலிவு என்று கிளம்பி, பாதி வழியில் பழைய மெஷினிடமே உதவி கேட்கிற கதை. இந்தத் துறையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

கோடு போடுவது பாதி என்றால், காய்வது மீதி. பேனர் மைக்குக் காய்வதில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: ஒட்டிக்கொண்டு நிறம் தெரிய வேண்டும். குறைகடத்தி மைக்கு அப்படியில்லை. கரைப்பான் ஆவியாகும் அந்தச் சில விநாடிகளில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாக வேண்டும். எந்தப் பக்கம் பார்த்து அடுக்குகின்றன, படிகங்களுக்கு நடுவில் எத்தனை எல்லைக்கோடு விழுகிறது என்பதெல்லாம் மொபிலிட்டியை ஒரேயடியாக மாற்றும். மேசையில் சிந்திய காப்பி காயும்போது ஓரத்தில் கருவளையம் விட்டுப்போகிறதே, அதே விளைவு இங்கேயும் உண்டு. துளியின் ஓரம் சீக்கிரம் காய்வதால் நடுவில் இருக்கும் பொருளெல்லாம் ஓரத்துக்கு இழுக்கப்படுகிறது. 1997-இல் டீகனும் சக ஆய்வாளர்களும் இதை விளக்கினார்கள். சீக்கிரம் ஆவியாகும் கரைப்பானோடு மெதுவாக ஆவியாகும் ஒன்றைக் கொஞ்சம் கலந்தால் துளிக்குள் எதிர்ச்சுழற்சி வந்து ஓரளவு சமன் ஆகும். மை தயாரிப்பவர்களின் ரகசியத்தில் பாதி இந்தக் கலவைதான்.

இதில் எனக்குப் பிடித்த வேலை இரண்டு. ஜப்பானில் 2011-இல் செய்தது ஒன்று. முதல் துளி, குறைகடத்தி கரையாத திரவம். அதே இடத்தில் இரண்டாம் துளி, சி8-பிடிபிடி என்ற குறைகடத்தியின் கரைசல். இரண்டும் சேர்ந்ததும் திரவப் பரப்பில் மெதுவாக ஒற்றைப் படிகமே வளர்ந்துவிட்டது. சராசரி மொபிலிட்டி 16 வந்தது. இன்னொன்று ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவோ குழு 2013-இல் செய்தது. மையை இழுத்துத் தடவும் கத்தியின் அடியில் நுண்ணிய தூண்களைச் செதுக்கி, ஓடும் மையைக் கலக்கிவிட்டார்கள். படிகங்கள் ஒரே திசையில் நீளமாக வளர்ந்தன. முதல் முறை துளித்துளியாகப் போவதால் மெதுவானது. இரண்டாவது முறை, சுருள் தாளில் தொடர்ந்து பூசுவதற்கு எடுத்துப்போகக் கூடியது. பெரிய பரப்பில் செய்ய வேண்டுமானால் இரண்டாவது வகைதான் வழி என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கேள்வியின் உண்மையான பதில். ஆய்வகத்தில் கைப்பிடி அளவுத் துண்டில் நடப்பதைச் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் ஓடவிட்டுச் செய்யும்போது ஏன் கெடுகிறது?

முதல் எதிரி கணக்கு. ஆயிரம் டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு சுற்றில் ஒன்று கெட்டாலும் சுற்று வேலை செய்யாது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் நன்றாக வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்குங்கள்: 37 சதவீதம்தான். நூறு தாள் அடித்தால் 63 குப்பைக்கு. 99.99 சதவீதம் இருந்தால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு தேறும். அதற்கு எதிராக நிற்பது தூசி. மின்கடத்தாப் படலம் அரை மைக்ரான் தடிமன், காற்றில் மிதக்கும் தூசித் துகள் பல மைக்ரான். ஒரு துகள் உட்கார்ந்தால் அங்கே ஓட்டை, கேட்டும் ட்ரெயினும் ஒட்டிக்கொண்டு ஷார்ட். ஓட்டை விழாமல் இருக்கப் படலத்தைத் தடிமனாகப் போட்டால் டிரான்சிஸ்டரை ஓட்ட 20, 30 வோல்ட் தேவைப்படும். பட்டன் பேட்டரியில் ஓட வேண்டிய லேபிளுக்கு 30 வோல்ட்டை எங்கே போய்த் தேடுவது?

இரண்டாவது எதிரி தாளே. ரப்பர் தோட்டத்தில் பால் உறைந்ததும் உருளையில் விட்டு ஷீட் எடுப்பதை உங்கள் தாத்தா தலைமுறை பார்த்திருக்கும். கிராவியூர் அச்சும் பார்வைக்கு அதே வேலைதான், குழி செதுக்கிய உருளை, எதிர் உருளை, நடுவில் ஓடும் தாள். ரப்பர் ஷீட் உருளையில் கொஞ்சம் நீண்டால் யாருக்கும் கவலையில்லை. இங்கே கேட் அச்சடித்த தாள் காய்ந்து, திரும்ப வந்து, அதன் மேல் சோர்ஸ்-ட்ரெயின் சரியாக உட்கார வேண்டும். பெட் தாள் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 15 முதல் 20 பங்கு விரியும். 300 மில்லிமீட்டர் அகலத் தாள் 10 டிகிரி சூடேறினால் 45 முதல் 60 மைக்ரான் நகர்ந்துவிடும். நாம் பேசுவது 5, 10 மைக்ரான் கோடுகளை. இதற்கு மேல் இழுவிசையில் நீளும், ஈரத்தில் ஊதும், அடுப்பில் போட்டு எடுத்தால் நிரந்தரமாகச் சுருங்கும். பொருந்தாமல் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, மின்முனைகள் ஒன்றன் மேல் ஒன்று நிறைய ஏறிநிற்கும்படி வடிவமைக்கலாம். செய்கிறார்கள். ஆனால் ஏறிநிற்கும் பரப்பெல்லாம் வேண்டாத மின்தேக்கியாகி வேகத்தைத் தின்றுவிடும். கேம்பிரிட்ஜ் தந்திரத்தின் அருமை இங்கேதான் புரியும்: அடுக்குகள் தாமாகவே பொருந்திக்கொள்ளும் முறை எதுவோ அதற்குத்தான் எதிர்காலம்.

மூன்றாவது, நம் ஊர்க் காற்று. கெடாவில் மழை மாதங்களில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போவது சாதாரணம். நேர் மின்னூட்டத்தில் ஓடும் பி-வகைக் கரிமப் பொருள்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எலெக்ட்ரானில் ஓடும் என்-வகையில் தண்ணீரும் ஆக்சிஜனும் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்கடத்தாப் பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளே எலெக்ட்ரானுக்குப் பொறி என்று 2005-இல் தெரியவந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சுற்றுக்கு இரண்டு வகையும் சேர்ந்து வேண்டும். ஒரு கால் நொண்டினால் பி-வகையை மட்டும் வைத்து ஓட்ட வேண்டியதுதான், கரண்ட் வீணாகும். கிழமைக்கணக்கில் தொடர்ந்து வோல்ட் கொடுத்தால் திறக்கும் புள்ளியே நகர்ந்துபோகும் பிரச்சினையும் இருக்கிறது. மேலே தடுப்புப் படலம் போடலாம், செலவு ஏறும்.

இத்தனைக்கும் நடுவில் காசு போட்டவர்கள் இல்லாமல் இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து பிறந்த பிளாஸ்டிக் லாஜிக் 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தொழிற்சாலையே திறந்தது. 2010 ஜனவரியில் கியூ என்ற மின்வாசிப்பானை அறிமுகம் செய்தது, அதே வருடமே அதைக் கைவிட்டது. அந்த வருடம்தான் ஐபேட் வந்தது. சோனி 2010-இல் 80 மைக்ரான் தடிமனில், 4 மில்லிமீட்டர் ஆரத்துக்குச் சுருட்டினாலும் படம் ஓடுகிற கரிம டிரான்சிஸ்டர் திரையைக் காட்டியது. கடைக்கு வரவில்லை. மடிக்கும் போன்கள் இன்று கடையில் இருக்கின்றன, அவற்றின் திரைக்குப் பின்னால் பாலிஇமைடு மேல் போட்ட சிலிக்கனும் ஆக்சைடும்தான். 2021-இல் ஆர்ம் நிறுவனமும் பிராக்மேட்டிக்கும் சேர்ந்து 18,334 தர்க்க கேட்டுகள் (கணக்குப் போடும் சிறு சுற்றுகள்; மேலே சொன்ன கேட் மின்முனை அல்ல) கொண்ட வளையும் நுண்செயலியை வெளியிட்டன. அது இண்டியம், காலியம், துத்தநாக ஆக்சைடு, ஒளிவழி அச்சுமுறை. கரிமப் பொருளும் இல்லை, மை அச்சும் இல்லை. இன்னொரு பக்கம் சிலிக்கன் ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையில் பொருளை அடையாளம் சொல்லும் லேபிள் சில்லு) சில அமெரிக்கக் காசுகளுக்கு வந்துவிட்டது. "அச்சடித்தால் மலிவு" என்ற வாதத்தின் காலை ஒடித்தது அதுதான், தொழில்நுட்பக் குறை மட்டும் இல்லை.

அதனால் என் கருத்து இது: கணக்குப் போடுகிற வேலையைச் சிலிக்கனிடம் விட்டுவிட வேண்டும். பரப்பு பெரிதாக, டிரான்சிஸ்டர் எண்ணிக்கை குறைவாக, வேகம் தேவைப்படாமல் இருக்கும் இடங்கள்தான் அச்சுக்கு உகந்தவை. உணரிகள், தோலில் ஒட்டும் பட்டைகள், பொட்டலத்தின் மேல் ஒட்டும் காட்டி, இப்படி.

இப்போது உங்கள் கடை. நான் இதுவரை சொன்னது எல்லாம் மின்புலத்தால் இயங்கும் வகை. இதற்கு ஓர் உறவினர் இருக்கிறார்: கரிம மின்வேதி டிரான்சிஸ்டர். அதில் அரை மைக்ரான் படலமே கிடையாது. மின்கடத்தாப் படலம் இருக்க வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீரோ ஜெல்லோ இருக்கும். பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் தடம் முதலில் திறந்தே இருக்கும். கேட்டில் நேர் வோல்ட் கொடுத்தால் உப்பின் நேர் அயனிகள் பாலிமருக்குள் நுழைந்து அதன் கடத்துத்திறனைக் குறைக்கும். ஒரு வோல்ட்டுக்குள் வேலை முடிந்துவிடும். கோடு நூற்றுக்கணக்கான மைக்ரான் இருந்தாலும் பரவாயில்லை, ஈரத்துக்கு அஞ்சத் தேவையில்லை, ஈரம்தான் அதன் உயிரே. வேகம் ரொம்பக் குறைவு, அது ஒன்றுதான் விலை. இது வெறும் பொம்மையும் இல்லை. சுவீடனில் ஆய்வாளர்கள் 2019-இல் வெறும் சில்க் ஸ்கிரீனை வைத்தே, சுற்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட இவ்வகை டிரான்சிஸ்டர்களை அடித்து, அச்சடித்த சிறு காட்சித்திரையை இயக்கும் டிகோடர்களைச் செய்து காட்டினார்கள்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதை எடுங்கள். அக்ஃபா, ஹெரேயஸ் போன்றவர்கள் சில்க் ஸ்கிரீனுக்கென்றே பெடாட் மை விற்கிறார்கள். டி-சட்டைக்குப் பயன்படுத்தும் பெரிய கண் ஸ்கிரீன் வேண்டாம், சென்டிமீட்டருக்கு 120 இழை மாதிரி எடுங்கள். பெட் தாளை அச்சடிக்கும் முன்பே ஹீட் பிரஸ்ஸில் 130 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்துச் சுருக்கிவிடுங்கள், அழுத்தாமல். இல்லையென்றால் இரண்டாவது நிறம் பொருந்தவே பொருந்தாது. தொடுமுனைகளுக்கு வெள்ளி மையைவிடக் கார்பன் மை நல்லது. வெள்ளி உப்புத் தண்ணீரைத் தொட்டால் வினைபுரிந்து அளவீட்டைக் கெடுக்கும். தடம் அரை மில்லிமீட்டர் அகலம் போதும். கேட்டையும் அதே பெடாட் மையிலேயே பக்கத்தில் அடியுங்கள், ஆனால் தடத்தைவிடப் பல மடங்கு பெரிதாக. சின்னதாக இருந்தால் கொடுக்கிற வோல்ட் பாதி கேட்டிலேயே நின்றுவிடும், தடம் மூடாது. உப்புத் தண்ணீர் தடத்தையும் கேட்டையும் மட்டும் தொட வேண்டும், மற்ற இடமெல்லாம் மின்கடத்தா மை அடித்து மூடுங்கள். கேட் வோல்ட் 0.8-க்கு மேல் போக வேண்டாம், ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே போனால் தண்ணீரே பிரிய ஆரம்பிக்கும்.

குளோரோஃபார்ம், குளோரோபென்சீன் கேட்கும் மைகளைக் கடைக்குள் கொண்டுவரவே வேண்டாம், அவற்றின் ஆவி உடலுக்குக் கேடு. மேலே சொன்ன பெடாட் மை தண்ணீர் சார்ந்தது, அந்தத் தொல்லை குறைவு.

ஒரே தாளில் ஐம்பது அறுபது அடியுங்கள். நல்லதாகத் தெரியும் ஒன்றை மட்டும் அளந்து வரைபடம் போடாமல், எல்லாவற்றையும் அளந்து, திறந்த நிலைக் கரண்ட்டைத் தாளில் எந்த இடம் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் ஸ்குவீஜி (மையை இழுத்துத் தள்ளும் ரப்பர் பட்டை) ஓட ஆரம்பிக்கிற பக்கத்துக்கும் முடிகிற பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியும். அது ஏன், அழுத்தமா, மை இடையில் காய்கிறதா, ஸ்கிரீன் தொய்வா என்று கண்டுபிடிப்பதே ஒரு முழு அறிக்கைக்குப் போதும். அதில் உங்கள் அப்பாவுக்கு உங்கள் விரிவுரையாளரைவிட அதிகம் தெரிந்திருக்கும், அவரிடம் கேளுங்கள். மையைக் குளிர்ப்பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்துவிட்டால் கட்டி தட்டி ஸ்கிரீனில் இறங்காது.